வங்காள விரிகுடாச் சூறாவளிகளும் கரையோர மக்களும் — ஒரு வரலாற்று நோக்கு

இயற்கை இடர் என்பதும் அனர்த்தம் என்பதும் ஒன்றல்ல. மனிதர் வாழாத நடுக்கடலிற் சுழன்று அடங்கிவிடும் சூறாவளி ஓர் இயற்கை நிகழ்ச்சி மட்டுமே. அதே சூறாவளி குடிசைகள் நெருங்கிய தாழ்நிலக் கரையொன்றை அடையும்போது அனர்த்தமாகின்றது. ஆகவே, அனர்த்தத்தின் அளவைக் காற்றின் வேகம் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. யார் எங்கு வாழ்கின்றனர், எத்தகைய வீட்டில் வாழ்கின்றனர், ஆபத்தை அவர்களுக்கு அறிவிப்போர் யார், அறிந்தபின் அவர்கள் ஒதுங்குவதற்கு இடமுண்டா என்பனவும் அதனை நிர்ணயிக்கின்றன. இயற்கை இடர்பற்றிய கற்கை இவ்விரு பக்கங்களையும் தழுவுவதாயிருத்தல் வேண்டும். ஆயினும், வரலாற்றை நோக்குமிடத்து, இயற்கையைப் பற்றிய கற்கை முன்னே செல்ல, மக்களைப் பற்றிய கற்கை நெடுங்காலம் பின்தங்கி நின்றமையைக் காணலாம். வங்காள விரிகுடாச் சூறாவளிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

விரிகுடாவின் இயல்பு

உலகில் ஆண்டுதோறும் உருவாகும் அயனச் சூறாவளிகளில் ஒரு சிறு பகுதியே வங்காள விரிகுடாவில் உருவாகின்றது. எனினும், வரலாற்றில் மிகக்கூடிய உயிர்களைப் பலிகொண்ட சூறாவளிகளிற் பெரும்பாலானவை இவ்விரிகுடாவின் கரைகளையே தாக்கியுள்ளன. இம்முரண்பாட்டிற்குரிய காரணங்களிற் சில புவியியல் சார்ந்தவை. விரிகுடா வடக்கு நோக்கிப் புனல்போல ஒடுங்கிச் செல்கின்றது. அதன் தலைப்பகுதியிற் கடல் ஆழங்குறைந்தது. கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆறுகள் கொணர்ந்து கொட்டிய வண்டலால் உருவான தீவுகளும் கழிமுக நிலங்களும் கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரமே கொண்டவை.

சூறாவளியில் மக்களைக் கொல்வது பெரும்பாலும் காற்றன்று, நீரே. சூறாவளி மையத்தில் வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைய, கடல் நீர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். இவ்வகையில் ஏற்படும் உயர்வு பெரிதன்று. ஆனால், கடுங்காற்று ஆழமற்ற கடலின் நீரைக் கரைநோக்கித் தொடர்ந்து தள்ளும்போது, பின்வாங்க வழியற்ற அந்நீர் பல மீற்றர் உயரத்திற்குக் குவிகின்றது. இதுவே புயற்பெருக்கு எனப்படுவது. கடல் வற்றுப்பெருக்கின் பெருக்கு நேரமும் இதனுடன் கூடிவிடின் அழிவு பன்மடங்காகும்.

எனினும், புவியியற் காரணங்கள் மாத்திரம் போதுமானவையல்ல. இதே விரிகுடாவில், ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய சூறாவளிகள் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோரையும் இன்னொரு காலத்தில் சில ஆயிரம் பேரையும் பலிகொண்டுள்ளன. இவ்வேறுபாட்டை விளக்குவது வரலாற்று மாணவரின் பணியாகும்.

மாலுமிகளின் அறிவியல்

விரிகுடாச் சூறாவளிகளை முறையாக ஆராயத் தொடங்கியவருள் முதன்மையானவர் ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயராவர். கப்பற் தலைவராயிருந்து பின்னர் கல்கத்தாவிற் குடியேறிய அவர், புயலில் அகப்பட்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒவ்வொரு கப்பலும் எந்நேரத்தில் எவ்விடத்தில் நின்றது, காற்று எத்திசையில் வீசியது என்பவற்றை வரைபடத்திற் குறித்தபோது, காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வதும், அம்மையம் ஒரு பாதையில் நகர்வதும் தெளிவாகின. 1839ஆம் ஆண்டு முதல் தம் ஆய்வுகளை வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் தொடர்ந்து வெளியிட்ட அவர், 1848இல் மாலுமிகளுக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்று உலகெங்கும் வழங்கும் ‘சைக்கிளோன்’ என்னும் பெயரை ஆக்கியவரும் அவரே. ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் வரைந்த சுழற்படத்தைக் கடல்வரைபடத்தின்மீது வைத்து, புயலின் மையம் எப்பக்கமுள்ளது, கப்பலை எப்பக்கம் செலுத்தல் வேண்டும் என மாலுமி அறியும் வழியை அந்நூல் கற்பித்தது.

இவ்வறிவியல் எவருக்காகத் தோன்றியது என்பது ஈண்டு நோக்கற்பாலது. அதன் தரவு கப்பலிலிருந்து வந்தது. அதன் பயனும் கப்பலுக்கே சென்றது. கடல்வாணிபம் ஏகாதிபத்தியத்தின் உயிர்நாடியாயிருந்த காலத்தில் இது வியப்பன்று. ஆயினும், பிடிங்டனின் பார்வை கரையையும் தொட்டது. கல்கத்தாவிற்குத் துணையாக மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிடப்பட்டபோது, அவ்விடம் புயற்பெருக்கிற்கு இலக்காகும் என 1853இல் ஆள்பதியாயிருந்த டல்ஹெளசிப் பிரபுவிற்கு அவர் எழுதினார். எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. கனிங் துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1867 நவம்பரில் வீசிய சூறாவளி அதனைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அத்துறைமுகம் கைவிடப்பட்டது. அறிவு இருந்தும் அதனைக் கேட்க வேண்டியோர் கேளாதுவிட்ட முதல் நிகழ்ச்சிகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம்.

1864 ஒக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர். துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் நாசமாயின. அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாத் துறைமுகத்திற்கு எச்சரிக்கை முறையொன்று நிறுவப்பட்டது. பின்னர் அது ஏனைய துறைமுகங்களுக்கும் விரிவுற்றது. 1875இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டு, ஹென்றி பிளான்போர்ட் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். தந்தி வழியாக அவதானங்கள் திரட்டப்பட்டன. துறைமுகக் கொடிமரத்தில் அடையாளங்கள் ஏற்றப்பட்டன. எனினும், அக்கொடிமரத்தைக் காணும் தூரத்தில் வாழாத கழிமுக விவசாயிக்கு இம்முறையால் யாதொரு பயனும் விளையவில்லை.

பாக்கர்கஞ்ச், 1876

திணைக்களம் நிறுவப்பட்ட மறு ஆண்டிலேயே இக்குறைபாடு வெளிப்பட்டது. 1876 ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு மேக்னா முகத்துவாரத்தைச் சூறாவளியொன்று தாக்கியது. உறக்கத்திலிருந்த மக்கள்மீது புயற்பெருக்கு வந்தது. வங்காளத்தின் துணை ஆள்பதி சேர் ரிச்சர்ட் ரெம்பிள் பாதிக்கப்பட்ட இடங்களை நேரிற் பார்வையிட்டு, அங்கு வாழ்ந்த 1,062,000 பேரில் 215,000 பேர் மாண்டிருத்தல் கூடும் என மதிப்பிட்டார். பின்வந்தோர் நீரில் மூழ்கி இறந்தோரை ஏறத்தாழ ஓர் இலட்சம் எனவும், அதன்பின் பரவிய கொள்ளை நோயாலும் பட்டினியாலும் இறந்தோரை ஏறத்தாழ இன்னோர் இலட்சம் எனவும் கணித்தனர்.

இவ்வெண்களை ஆளும்போது எச்சரிக்கை தேவை. 1737இற் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சம் பேர் இறந்ததாக நூல்கள் பல நீண்டகாலமாக எழுதிவந்தன. அது அக்கால நகரின் மொத்த மக்கள்தொகையிலும் பெரிதான எண்ணாகும். கொம்பனியின் பதிவு, நகரில் இறந்தோர் ஏறத்தாழ 3,000 பேர் எனவே கூறுகின்றது. இறந்தோரை எண்ணுவோர் எவருமில்லாத சமூகத்தில் எண் மிகைப்படவும் கூடும், குறைபடவும் கூடும். ஏழை மக்களின் பெயர்கள் எப்பதிவேட்டிலும் இல்லாமையே இதற்கு அடிப்படைக் காரணம் எனலாம்.

பாக்கர்கஞ்சில் உயிர் தப்பியோர் எவ்வாறு தப்பினர் என்பது அக்கால அறிக்கைகளிலிருந்து தெரியவருகின்றது. வீடுகளைச் சூழத் தென்னையும் பனையும் கமுகும் மூங்கிலும் அடர்ந்து நின்ற இடங்களில், மிதந்துசென்றோர் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டனர். காடு வெட்டிப் புதிதாகக் குடியேறிய வண்டற் தீவுகளில் அத்தகைய மரங்கள் இல்லை. நிலவரியை விரிவாக்கும் நோக்குடன் ஊக்குவிக்கப்பட்ட குடியேற்றம், நிலமற்றோரை மிக ஆபத்தான இடங்களுக்கே கொண்டுசென்றது. மேலும், உப்புநீரும் பிணங்களும் குளங்களை மாசுபடுத்தியபின் வாந்திபேதி பரவியது. மக்களிடம் போதிய தானியம் உண்டு என்னும் கருத்தில் அரசாங்கம் நிவாரணத்தைச் சுருக்கமாகவே வைத்துக்கொண்டது. எனவே, இரண்டாவது இலட்சம் உயிர்களின் அழிவைக் காற்றின் கணக்கிற் சேர்த்தல் நியாயமாகாது.

இச்சூறாவளியை ஆராய்ந்து ஜோன் எலியட் எழுதிய அறிக்கை, வளியமுக்கத்தையும் காற்றின் போக்கையும் பற்றி நுணுக்கமான விபரங்களைத் தந்தது. கரையோர மக்களின் வாழ்க்கை நிலை வளிமண்டலவியலாளரின் ஆய்வுப்பொருளாக அக்காலத்திற் கருதப்படவில்லை.

போலா, 1970

பாக்கர்கஞ்சிற்கும் போலாவிற்கும் இடைப்பட்டவை தொண்ணூற்று நான்கு ஆண்டுகள். இக்காலத்திற் கப்பலின் நாட்குறிப்பிலிருந்து தந்திக்கும், தந்தியிலிருந்து வானொலிக்கும், 1960இன் பின்னர் செய்மதிப் படத்திற்கும் சூறாவளி ஆய்வு வளர்ந்தது. 1970 நவம்பரில் விரிகுடாவில் உருவான சூறாவளி செய்மதிப் படங்களிற் காணப்பட்டது. வானொலியும் எச்சரித்தது. அவ்வாறிருந்தும், நவம்பர் 12ஆம் நாள் இரவு, கடற்பெருக்கு நேரத்தை அண்டி, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையை அது தாக்கியபோது, இறந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றது. பதிவுசெய்யப்பட்ட அயனச் சூறாவளிகளுள் இதுவே மிகக்கூடிய உயிர்களைக் கொண்டதாகும்.

சூறாவளியின் பின் நடத்தப்பட்ட ஆய்வுகளுள் ஒன்று, பாதிக்கப்பட்ட மக்களிற் பத்தில் ஒன்பது பங்கினர் சூறாவளி வருவதை அறிந்திருந்தனர் எனவும், உறுதியான கட்டடங்களில் ஒதுங்கியோர் நூற்றுக்கு ஒருவரே எனவும் கண்டது. இவ்விரு எண்களையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். செய்தி எட்டாமை மாத்திரம் குறையாயின் இவ்வழிவு நேர்ந்திராது. எச்சரிக்கை ஆபத்தின் அளவை மக்கள் உணரும் வகையில் எடுத்துரைக்கவில்லை. உணர்ந்தவர்களுக்கும் ஒதுங்குவதற்குரிய கட்டடம் அருகில் இல்லை. ஓலைக் குடிசையும் மாடும் விளைந்த வயலுமே முழு உடைமையாயுள்ள ஒருவனை, அவற்றை விட்டுச் செல்லுமாறு வானொலி கூறுவதாற் பயனில்லை.

டாக்காவிலிருந்த வாந்திபேதி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பிரட் சோமர், வைலி மொஸ்லி ஆகிய மருத்துவர்கள் அடுத்த சில மாதங்களில் வீடுவீடாகத் தகவல் திரட்டினர். இறந்தோர் மிகக்குறைந்தது 224,000 பேர் என அவர்கள் கணித்தனர். அறுவடைக்காகத் தீவுகளுக்கு வந்திருந்த கூலியாட்கள் இக்கணக்கில் அடங்கவில்லை. பத்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரே. இறந்தோரிலோ பாதிக்கு மேற்பட்டோர். முதியோரும் பெண்களும் கூடிய விகிதத்தில் இறந்தனர். உடல்வலிமை மிக்க ஆண்களே பெரும்பாலும் தப்பினர். தப்பியோரிற் பலருடைய மார்பிலும் கைகளிலும் ஒரே வகையான உராய்வுக் காயங்கள் காணப்பட்டன. இரவு முழுதும் மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தமையால் உண்டான காயங்கள் அவை. செய்மதி யுகத்திலும் அம்மக்களுக்குக் கிடைத்த புகலிடம் 1876இற் கிடைத்த அதே மரந்தான்.

அனர்த்தத்தின் பின் நடுவண் அரசாங்கம் காட்டிய தாமதம் கிழக்குப் பாகிஸ்தானில் நிலவிய மனக்குறையை ஆழமாக்கியது. அடுத்து நடைபெற்ற பொதுத் தேர்தலில் அவாமி லீக் அங்குள்ள 162 பொது ஆசனங்களில் 160ஐ வென்றது. 1971இற் பங்களாதேஷ் உதயமாயிற்று. இதற்குச் சூறாவளியே காரணம் எனல் மிகையாகும். ஆயினும், மக்களைக் காக்கத் தவறிய அரசு அவர்களை ஆளும் உரிமையையும் இழக்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

மக்களைப் பற்றிய கற்கை

ஏறக்குறைய இதே காலப்பகுதியில் இயற்கை இடர்பற்றிய சிந்தனையிலும் மாற்றம் ஏற்பட்டது. அமெரிக்கப் புவியியலாளரான கில்பேர்ட் வைற் 1945இலேயே, அணைகளைப் பெருக்குவதால் மட்டும் வெள்ள இழப்புக் குறையாது எனவும், வெள்ளச் சமவெளியில் மக்கள் குடியேறும் முறையையே ஆராய வேண்டும் எனவும் வாதித்தார். அவருடைய வழிவந்தோர், ஆபத்தை மக்கள் எவ்வாறு உணர்கின்றனர், எத்தகைய மாற்று வழிகளை அறிந்துள்ளனர் என்பவற்றைப் பல நாடுகளில் ஆராய்ந்தனர். பங்களாதேஷின் கரையோரமும் அவ்வாய்வுக் களங்களுள் ஒன்றாயிற்று.

1976இல் ஓகீஃப், வெஸ்ட்கேற், விஸ்னர் ஆகிய மூவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இதனினும் ஒருபடி மேற்சென்றது. அனர்த்தங்கள் பெருகுவதற்கு இயற்கையின் மாற்றம் காரணமன்று, மக்களிற் பெரும்பகுதியினர் வறுமையால் ஆபத்தின் எல்லைக்குத் தள்ளப்படுவதே காரணம் என அவர்கள் வாதித்தனர். கடலருகே வாழ்வோன் அறியாமையால் அங்கு வாழ்கின்றான் என்பதிலும், வேறு நிலம் இன்மையால் வாழ்கின்றான் என்பதே பெரும்பாலும் உண்மையாகும். இக்கருத்தை ஏற்பின், ஆபத்தைக் குறைக்கும் பணி வளிமண்டலவியலாளரோடு முடிவதில்லை. நில உரிமை, வீடமைப்பு, சுகாதாரம், பெண்களின் நிலை என்பனவும் இடர்க் கற்கையின் பொருளாகின்றன.

கொடியும் ஒலிபெருக்கியும்

இச்சிந்தனை நடைமுறையில் எத்தகைய பலனைத் தரும் என்பதைப் பங்களாதேஷின் அனுபவம் காட்டுகின்றது. 1972இல் அங்கு செஞ்சிலுவை இயக்கத்தினாற் சூறாவளி ஆயத்தத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமந்தோறும் தொண்டர்கள் தெரிவு செய்யப்பட்டனர். வானொலி, கை ஒலிபெருக்கி, கையாற் சுழற்றும் சங்கு, அடையாளக் கொடிகள் ஆகியனவே அவர்களுடைய கருவிகள். ஆபத்து நெருங்க நெருங்கக் கொடிகளின் எண்ணிக்கை கூட்டப்படும். எழுதப்படிக்கத் தெரியாதவரும் அதனை விளங்கிக்கொள்வர். அறிமுகமான அயலவன் வாசலில் வந்து கூறும் சொல், தலைநகரிலிருந்து வரும் வானொலிக் குரலிலும் நம்பிக்கைக்குரியதாயிற்று. மாடுகளை விட்டு மக்கள் வெளியேறார் என்பதை உணர்ந்து, அவற்றையும் ஏற்றிவைக்கத்தக்க மண்மேடுகள் எழுப்பப்பட்டன.

வெற்றி உடனே கிட்டவில்லை. 1991 ஏப்ரில் 29ஆம் நாள் சிற்றகோங் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 138,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை பரவலாகச் சென்றடைந்திருந்தது. புகலிடக் கட்டடங்களோ மிகச் சிலவாகவே இருந்தன. இறந்தோரிற் பெண்களின் விகிதம் மிகக் கூடியதாயிருந்தது. அந்நிய ஆடவருடன் ஒரே மண்டபத்தில் தங்கத் தயங்கியமை, பிள்ளைகளை விட்டு வெளியேற இயலாமை, நீரில் உடல் அசைவைத் தடுத்த சேலை ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அதன்பின் பாடசாலையாகவும் பயன்படத்தக்க புகலிடங்கள் பெருந்தொகையாகக் கட்டப்பட்டன. தொண்டர்களிற் பெண்களும் சேர்க்கப்பட்டனர். அண்மைக் காலத்தில் 76,000க்கு மேற்பட்டுள்ள அத்தொண்டர்களில் ஏறக்குறைய அரைவாசியினர் பெண்களாவர்.

2007 நவம்பர் 15இல் ‘சித்ர்’ என்னும் கடுஞ்சூறாவளி அதே நாட்டைத் தாக்கியபோது அரசாங்கக் கணக்கின்படி இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். ஆறு மாதங்களுக்குள், 2008 மே 2இல் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தை ‘நர்கிஸ்’ சூறாவளி தாக்கியது. இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே அந்நாட்டிற்கு அறிவித்திருந்தும், அங்கு இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 138,000 பேர். இவ்வேறுபாட்டை முழுவதும் ஆயத்தத்தின் பயன் எனக் கூறுதல் பொருந்தாது. சுந்தரவனக் கண்டற் காடு சித்ரின் வேகத்தை ஓரளவு தணித்தது, ஐராவதிக் கழிமுகத்தின் கண்டல்களோ பெருமளவு அழிக்கப்பட்டிருந்தன. ஆனால், கண்டலை வைத்திருப்பதும் அழிப்பதும் மனிதரின் தீர்மானங்களே என்பது மறத்தற்குரியதன்று.

இலங்கையின் அனுபவம்

இவ்விரிகுடாவின் தென்மேற்கு விளிம்பில் அமைந்த இலங்கையும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. 1964 டிசம்பரில் வட இலங்கையை ஊடறுத்துச் சென்ற சூறாவளி மன்னார்ப் பகுதியையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பாதித்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. அங்கு சென்றுகொண்டிருந்த பயணிகள் புகையிரதமொன்று கடலில் அமிழ்ந்தது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையாயிருந்த அத்துறைமுக நகரம் மீண்டும் குடியேறத் தகாததென அறிவிக்கப்பட்டது.

1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைக் கடந்த சூறாவளியில் தொள்ளாயிரத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மண்வீடுகளும் ஓலை வேய்ந்த குடிசைகளும் தரைமட்டமாயின. மாவட்டத்தின் தென்னைகளிற் பெரும்பகுதி ஓரிரவில் விழுந்தது. நாட்டிய தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். தேங்காயையும் ஓலையையும் கிடுகையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அனர்த்தம் அன்றிரவுடன் முடியவில்லை; அது பல ஆண்டுக்கால வருமான இழப்பாக நீடித்தது. இறந்தோரின் எண்ணிக்கையை மாத்திரம் கொண்டு அனர்த்தத்தை அளப்பதிலுள்ள குறைபாட்டை மட்டக்களப்பின் வரலாறு தெளிவாக்குகின்றது.

2004 டிசம்பர் 26இல் நேர்ந்த கடற்கோள் சூறாவளியிலும் வேறான இடராயினும், எழுப்பும் வினா ஒன்றே. பசுபிக் சமுத்திரத்தில் எச்சரிக்கை நிலையம் 1949ஆம் ஆண்டு முதல் இயங்கியது. இந்து சமுத்திரத்தில் அத்தகைய அமைப்பு இருக்கவில்லை. சுமாத்திராவிலிருந்து அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. கிழக்குக் கரை தாக்குண்ட பின்னரும், தென்மேற்குக் கரையிலுள்ள பெரலியவை அலை அடையச் சிறிது நேரம் இருந்தது. அந்நேரத்திற் கொழும்பிலிருந்து சென்ற புகையிரதம் நிறுத்தப்படவில்லை. அதில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதிலும் இறந்தோர் 30,000க்கு மேற்பட்டோர். கடல்கடந்து வரவேண்டிய எச்சரிக்கை மட்டுமன்று, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் செல்லவேண்டிய எச்சரிக்கையும் அன்று செல்லவில்லை. இதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, விரிகுடாச் சூறாவளி பற்றிய அறிவு முதலிற் கப்பலுக்கும், பின்னர் துறைமுகத்திற்கும், நெடுங்காலம் கழித்தே கிராமத்திற்கும் சென்றமை புலனாகும். இவ்வரிசை இயற்கையால் விதிக்கப்பட்டதன்று; எவருடைய உயிரும் உடைமையும் பெறுமதி மிக்கன என அவ்வக்காலத்து ஆட்சியாளர் கருதினரோ அதற்கமைய உண்டானது. காற்றின் போக்கை முன்னறியும் திறன் 1876இற்கும் 1970இற்கும் இடையிற் பெரிதும் வளர்ந்தும் உயிரிழப்புக் குறையவில்லை. மக்கள் ஒதுங்குவதற்கு இடமும், நம்புவதற்கு ஆளும், வெளியேறத் துணிவதற்கேற்ற பாதுகாப்பும் கிடைத்த பின்னரே அது குறைந்தது.

ஆகவே, இயற்கை இடர்பற்றிய கற்கையை விஞ்ஞான பீடத்திற்குரியதெனக் கலைப்பீடத்தினர் ஒதுக்கிவிடுதல் தகாது. அடுத்த சூறாவளியின் பாதையை வளிமண்டலவியலாளர் கூறுவர். அப்பாதையில் வாழ்வோர் யாவர், எக்காரணத்தால் அங்கு வாழ்கின்றனர், முன்னைய சூறாவளியில் அவர்களுள் எவர் தப்பினர், எவர் தப்பவில்லை என்பவற்றை வரலாற்று மாணவரும் புவியியல் மாணவரும் சமூகவியல் மாணவருமே கிராமங்களிற் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். 1978ஐ நேரிற் கண்டோர் கிழக்கிலங்கையில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய நினைவுகள் மறையுமுன் இப்பணி தொடங்கப்படுதல் அவசியமாகும்.